600 மிமீ லென்ஸ் நமக்குத் தேவையா?

பல்கலைக்கழகப் புகைப்பட மன்றத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை. "பறவை படம் எடுக்கணும், எந்த லென்ஸ் வாங்கலாம்?" கேட்பவரிடம் இருப்பது பெரும்பாலும் விடுமுறை வேலையில் சேர்த்த பணம், இல்லாவிட்டால் தேசிய சேவைக் காலத்தில் மிச்சம் பிடித்த படித்தொகை. அது ஒரே முறைதான் செலவாகும். தவறான லென்ஸில் போட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த பிறகுதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக அண்மை ஆண்டுகளில் அதிகம் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று சோனி எஃப்இ 200-600 மிமீ எஃப்/5.6-6.3 ஜி. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகமான இந்த லென்ஸின் அமெரிக்க விலை அப்போது 1,998 டாலர். அதே நாளில் அந்த நிறுவனம் அறிவித்த 600 மிமீ எஃப்/4 லென்ஸின் விலை 12,998 டாலர். இரண்டும் எட்டும் தூரம் ஒன்றே. விலையில் ஆறரை மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் மலிவானதில் என்ன குறை, விலை கூடியதில் என்ன கூடுதல்?

வாடகைக் கடையிலிருந்து இந்த லென்ஸை இரண்டு வார இறுதிகள் எடுத்துச் சென்றேன். சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம், பீஷான் - அங் மோ கியோ பூங்கா, தாம்சன் இயற்கைப் பூங்கா ஆகிய மூன்று இடங்களில் பயன்படுத்திப் பார்த்தேன். சோதனைக்கூடத்தில் எடுத்த கூர்மை வரைபடங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி நான் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் சிங்கப்பூரில் விலங்குகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கின்றன என்பதை அந்த வரைபடங்கள் சொல்வதில்லை. லென்ஸை மதிப்பிட நமக்கு வேண்டியது அதுதான்.

எத்தனை மீட்டரில் எத்தனை மிமீ?

'600 மிமீ' என்ற எண் பலருக்கு வெறும் பெருமை எண். அதை அடிக்கணக்காக, மீட்டர் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் பயன். உயர்நிலை மூன்றில் படித்த ஒத்த முக்கோணங்கள் இதற்குப் போதும். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மிமீ. அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, விலங்கு இருக்கும் தூரத்தால் பெருக்கினால் படத்தில் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது தெரிந்துவிடும்.

20 மீட்டர் தூரத்தில் ஒரு கம்பத்தில் வெண்கழுத்து மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 24 செமீ. 600 மிமீயில் படத்தின் அகலம் 1.2 மீட்டர். ஆகவே பறவை படத்தின் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும். 400 மிமீயில் அகலம் 1.8 மீட்டர், பறவை ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிடும். பரப்பளவாகப் பார்த்தால், 600 மிமீயில் அந்தப் பறவைக்குக் கிடைக்கும் பிக்சல்கள் 400 மிமீயில் கிடைப்பதைப்போல் 2.25 மடங்கு. இறகின் வரிகள் தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த 2.25இல் இருக்கிறது.

சுங்கை பூலோவில் 20 மீட்டர் என்பது நெருக்கமான தூரம். செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கு வந்து தங்கும் பவளக்காலிகளும் பொன்னிற உப்புக்கொத்திகளும் வளைந்த அலகுடைய விம்பிரல்களும் நீர் வற்றிய சேற்றுத்திட்டில் நிற்கும். பார்வைக் குடிலிலிருந்து 40, 50 மீட்டர் இருக்கலாம். 50 மீட்டரில் 600 மிமீ காட்டுவது மூன்று மீட்டர் அகலம். ஒரு கொக்கை அதன் சூழலோடு காட்ட இது போதும். ஓர் உப்புக்கொத்தியின் முகத்தைக் காட்டப் போதாது. 600 மிமீ வாங்கிவிட்டால் எல்லாப் பறவையும் படத்தை நிரப்பும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பார்க்கலாம்.

பீஷானில் நிலைமை தலைகீழ். அங்குள்ள நீர்நாய்கள் மனிதர்களுக்குப் பழகிவிட்டன. ஆற்றங்கரையில் 15 மீட்டர் தள்ளி நின்றாலும் 600 மிமீயில் அடங்குவது 90 செமீ மட்டுமே. வாலோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள நீர்நாய் பக்கவாட்டில் நின்றால் வால் வெட்டுப்படும். 200 மிமீக்கு இறங்கினால் 2.7 மீட்டர் கிடைக்கிறது, குட்டிகளோடு சேர்ந்து மீன் தின்னும் காட்சி முழுவதும் வந்துவிடுகிறது. விலை கூடிய 600 மிமீ எஃப்/4 லென்ஸால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அதில் ஸூம் கிடையாது. அதை வைத்திருப்பவர் பின்னால் ஓட வேண்டும். பின்னால் சைக்கிள் பாதை.

இந்த ஒரு விஷயத்தில் மலிவான லென்ஸே சிறந்த லென்ஸ் என்று தயங்காமல் சொல்வேன்.

கிட்டத்தில் இருப்பவை வேறு கதை. இந்த லென்ஸ் குவியும் மிகக் குறைந்த தூரம் 2.4 மீட்டர். ஒரு தும்பி உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நீங்கள்தான் எழுந்து பின்னால் போக வேண்டும். அதே நிறுவனத்தின் 100-400 மிமீ லென்ஸ் 98 செமீ வரை நெருங்கும். இதில் அதிகபட்சமாக 18 செமீ அகலத்தைப் படமாக நிரப்பலாம். அதில் ஏறக்குறைய 10 செமீ. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும்தான் உங்கள் ஆர்வம் என்றால், 200-600 உங்களுக்கான லென்ஸ் அல்ல. அதற்குமேல் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை!

எஃப்/6.3 என்ற எண்ணின் விலை

12,998 டாலர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருவோம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95 மிமீ. இந்த லென்ஸின் முன்பக்க வடிகட்டி அளவும் 95 மிமீதான், அது தற்செயல் அல்ல. 600ஐ 4ஆல் வகுத்தால் 150 மிமீ. ஒரு சிறிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பிழையில்லாத கண்ணாடியைச் செதுக்கி மெருகேற்றுவதற்குத்தான் பணம். பரப்பளவு ஏறக்குறைய 2.5 மடங்கு, ஆகவே ஒளியும் 2.5 மடங்கு.

அந்த 2.5 மடங்கு நமக்கு வேண்டுமா என்பது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய பிலிம் காலத்து 'வெயில் 16' விதி இன்றும் உதவுகிறது: முழு வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 விநாடி. இதை எஃப்/6.3க்கு மாற்றினால் ஷட்டர் 1/640 வரை போகலாம். பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 320. இது ஒன்றுமே இல்லை. காலை ஒன்பதரை மணிக்குச் சுங்கை பூலோவின் திறந்த சேற்றுவெளியில் எஃப்/6.3 ஒரு குறையாகவே தெரியவில்லை.

தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குள் நுழைந்ததும் கணக்கு மாறுகிறது. அடர்ந்த வெப்பமண்டலக் காட்டில் தரைமட்டத்துக்கு வந்து சேரும் வெளிச்சம் மேலே விழுவதில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடுதான். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையை 1/500 விநாடியில் எடுக்கக்கூட ஐஎஸ்ஓ 4,000 முதல் 8,000 வரை தேவைப்படும். கிளை விட்டுக் கிளை தாவும் குரங்கை 1/2000இல் எடுக்க நினைத்தால் அதைப்போல் நான்கு மடங்கு. எஃப்/4 லென்ஸ் வைத்திருப்பவர் முதல் கணக்கை 1,600 முதல் 3,200க்குள் முடித்துவிடுவார். இன்றைய மென்பொருள்கள் இரைச்சலை நன்றாகவே துடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இரைச்சலோடு சேர்ந்து ரோமத்தின் மெல்லிய இழைகளும் துடைக்கப்படுகின்றன. தாம்சனில் உள்ள பட்டைவால் இலைக்குரங்கு கருமையான ரோமம் கொண்டது. கறுப்புக்குள் விவரம் போனால் மிஞ்சுவது குரங்கு வடிவ நிழல்.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைகளில் இது அடிக்கடி தவறாகச் சொல்லப்படுகிறது. 100-400 லென்ஸ் 400 மிமீயில் எஃப்/5.6 என்பதால் அது 'அதிக வெளிச்சம்' தரும் என்பார்கள். படம் முழுவதையும் பார்த்தால் சரி. ஆனால் தூரத்துச் சிறு பறவையை 400 மிமீயில் எடுத்துவிட்டுப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கினால், அந்தப் பறவையிலிருந்து லென்ஸுக்குள் வந்த ஒளி எவ்வளவு என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பது துளையின் விட்டம். 400 மிமீ எஃப்/5.6இல் அது 71 மிமீ, 600 மிமீ எஃப்/6.3இல் 95 மிமீ. அதே தூரத்தில், அதே ஷட்டர் வேகத்தில் அந்தப் பறவையிடமிருந்து 600 மிமீ பெறும் ஒளி 1.8 மடங்கு. எஃப் எண் பெரிதாக இருந்தும் அதுதான் சுத்தமான பறவையைத் தரும்.

பின்னணி மங்கலாக வருமா என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வரி. 600 மிமீ எஃப்/6.3இல் 10 மீட்டரில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 10 செமீ. பறவையின் கண் கூர்மையாக இருக்கும்போதே வால் நுனி மங்கத் தொடங்கிவிடும். இதற்கு மேல் மங்கல் எதற்கு?

'தொழில்முறை' என்ற சொல்

விளம்பரங்களில் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. சோனியின் வரிசையில் 'ஜி மாஸ்டர்' உச்ச நிலை, 'ஜி' அதற்கு அடுத்தது. 200-600 வெறும் 'ஜி'. 100-400 'ஜி மாஸ்டர்'. 2017இல் வெளியானபோது அதன் விலை 2,498 டாலர், அதாவது எட்டும் தூரம் குறைந்த லென்ஸுக்கு 500 டாலர் கூடுதல். முத்திரையைப் பார்த்து வாங்குபவர் சேற்றுவெளிப் பறவைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த தூரத்தை வாங்கிச் செல்வார்.

தொழில்முறை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும்போது நம்மைத் தடுக்காமல் இருப்பது. அந்த அளவுகோலில் இந்த லென்ஸின் மிகச் சிறந்த அம்சம், ஸூம் செய்யும்போது அதன் நீளம் மாறுவதில்லை. 318 மிமீ நீளம் எப்போதும் 318 மிமீதான். கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நகர்கின்றன. முக்காலியில் பூட்டிவிட்டால் 200க்கும் 600க்கும் இடையில் திருப்பும்போது எடைச் சமநிலை குலையாது. வளையமும் சிறிது திருப்பினாலே முழுத் தூரமும் போய்விடும், மணிக்கட்டை மறுபடி மறுபடி மாற்றிப் பிடிக்க வேண்டியதில்லை. 100-400 போன்றவை நீட்டும்போது வெளியே வரும். ஆனால் மடக்கினால் பையில் சிறிய இடத்தில் அடங்கும். எம்ஆர்டியில் போகிறவர்களுக்கு அதுவும் ஒரு வசதிதான்.

எடை 2,115 கிராம், முக்காலி வளையம் சேர்க்காமல். கேமராவோடு மூன்று கிலோவை நெருங்கும். கைப்பேசியில் படிக்கும்போது இது ஓர் எண். கிராஞ்சியில் பேருந்து ஏறி, காப்பகத்தின் பாதையைச் சுற்றி, நண்பகலில் திரும்பும்போது அது எண்ணாக இருப்பதில்லை. வாராவாரம் அங்கு வரும் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் என்னிடம் முதலில் கேட்டது லென்ஸின் கூர்மையைப் பற்றி அல்ல, வார்ப்பட்டையைப் பற்றி. கேமராவோடு வரும் கழுத்துப் பட்டையில் தொங்கவிடாமல், லென்ஸின் பாதத்தில் மாட்டும் குறுக்குப் பட்டை வாங்கச் சொன்னார். சில பத்து வெள்ளியில் முடிகிற காரியம், அன்று கேட்ட அறிவுரைகளில் மிகப் பயனுள்ளது அதுவே. அந்த எஃப்/4 லென்ஸோ 3,040 கிராம்.

கூர்மை? என் கண்ணுக்கு, 600 மிமீயில் எஃப்/6.3க்கும் எஃப்/8க்கும் படத்தின் நடுவில் உள்ள வித்தியாசத்தைத் திரையில் பெரிதாக்கித் தேட வேண்டியிருந்தது. பறவை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை. ஏனென்றால் காலை பத்தரைக்கு மேல் சேற்றுவெளியில் காற்று கொதிக்கத் தொடங்கியதும், 50 மீட்டருக்கு அப்பால் எல்லா லென்ஸும் ஒன்றாகிவிடுகின்றன. கானல் அலைகளுக்கு 1,998 டாலர், 12,998 டாலர் என்ற பேதம் தெரியாது. அந்த நேரத்தில் லென்ஸை மாற்றிப் பயனில்லை. குவியத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும் வீண். அருகில் இருப்பதை எடுக்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

டெலிகன்வர்ட்டர் பற்றியும் இதே கதைதான். 1.4 மடங்கு மாட்டினால் 840 மிமீ எஃப்/9, இரண்டு மடங்கு மாட்டினால் 1,200 மிமீ எஃப்/13. தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு ராலே வரம்பு நினைவிருக்கும். பச்சை ஒளிக்கு எஃப்/13இல் ஒரு புள்ளியின் விளிம்புவிலகல் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 8.7 மைக்ரான். 24 மெகாபிக்சல் முழு அளவு சென்சாரின் ஒரு பிக்சல் 6 மைக்ரான். படம் பெரிதாகும், ஆனால் அதே அளவுக்கு விவரம் கூடாது. ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைவது வேறு. அந்தப் பணத்தைப் பேருந்துக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்வேன்.

நிலைப்படுத்தி, தானியங்கிக் குவியம்

லென்ஸுக்குள் இருக்கும் நிலைப்படுத்தி உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். 600 மிமீயைக் கையில் பிடித்து 1/600 விநாடிக்குக் குறைவாக எடுக்கக்கூடாது என்ற பழைய விதியை இதனால் தாராளமாக மீறலாம். தலையைத் திருப்பும் பறவையை அது நிறுத்தாது. முதல் நாள் முழுவதும் 1/125இல் எடுத்துவிட்டு லென்ஸ் மங்கல் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த லென்ஸில் மூன்று நிலைகள் உள்ளன. நின்றிருப்பதற்கு முதலாவது, பறவையோடு பக்கவாட்டில் கேமராவைத் திருப்புவதற்கு இரண்டாவது, எப்படிப் போகும் என்று தெரியாதவற்றுக்கு மூன்றாவது. நீர்நாய்களுக்கு மூன்றாவதே பொருத்தமாக இருந்தது; அவை எந்த இலக்கண விதிக்கும் கட்டுப்படுவதில்லை.

தானியங்கிக் குவியத்தைச் சோதிக்க அரிய பறவை தேவையில்லை. நம் உணவங்காடி நிலையங்களைச் சுற்றி மைனாக்களுக்குக் குறைவா? புல்வெளியில் தரையிறங்கும் மைனாவைத் தொடர்ந்து நூறு படம் எடுங்கள். கண் கூர்மையாக இருப்பவற்றை எண்ணுங்கள். இன்னொரு லென்ஸை அதே கேமராவில் மாட்டி, அதே புல்வெளியில், அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். இப்படி நீங்களே எடுத்த எண்ணிக்கை, காணொளியில் யாரோ சொல்லும் 'அருமை'யைவிட நம்பகமானது. குவிய வேகத்தில் பாதி கேமராவைப் பொறுத்தது என்பதால், உங்கள் கேமராவில் சோதிப்பதே சோதனை. வேறு நிறுவன லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேகமான சோனி கேமராக்களில் அவற்றின் தொடர்படப்பிடிப்பு விநாடிக்கு 15 படங்களோடு நின்றுவிடுகிறது. நம்மில் பலரின் கேமராவுக்கு அந்த வேகமே கிடையாது என்பதால் இது பெரிய இழப்பும் இல்லை.

கூர்மையைச் சோதிக்க எதிரே உள்ள வீவக புளோக்கின் சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண் நல்ல இலக்கு. முக்காலியில் வைத்து, அந்த எண்ணைப் படத்தின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சற்றே விலகியிருக்கிறது என்று பொருள். எண்ணை மட்டும் எடுங்கள், அண்டை வீட்டுச் சன்னல்களை வேண்டாம். 600 மிமீ உண்மையிலேயே எல்லாவற்றையும் காட்டும்.

தூரம் யாருக்காக?

நீண்ட லென்ஸைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபடுவது இது. 400 மிமீயில் 20 மீட்டரில் நின்று எடுக்கும் அதே அளவுப் படத்தை 600 மிமீயில் 30 மீட்டரில் நின்று எடுக்கலாம். அந்தப் பத்து மீட்டர் பறவைக்குச் சேர வேண்டியது. சுங்கை பூலோவில் இறங்கும் கரையோரப் பறவைகள் கிழக்கு ஆசிய - ஆஸ்திரலேசியப் பறவைப்பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பவை. சேற்றில் புழு தேடித் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்தால்தான் அடுத்த கட்டப் பயணம். பவளக்காலி தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால் நமக்கு அழகான படம் கிடைக்கிறது. அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது என்பதுதான் அதன் பொருள். இன்னும் ஓரடி வைத்தால் கூட்டமே எழும்பிவிடும்.

எட்டாத லென்ஸ் வைத்திருப்பவருக்கு வரும் ஆசை இரண்டு. ஒன்று, கிட்டே போவது. மற்றொன்று, பறவையைக் கிட்டே வரவழைப்பது: மீனோ புழுவோ வைத்து, அல்லது கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் 2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சிங்கப்பூர் எங்கும் குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், திரும்பச் செய்தால் 10,000 வெள்ளி வரை. படத்துக்காக வைத்தேன் என்பது விலக்கல்ல. குரலை ஒலிக்கவிடுவது கூடு கட்டும் பருவத்தில் எவ்வளவு கொடுமை என்பதைச் சற்று யோசித்தால் புரியும். இல்லாத எதிரியைத் துரத்துவதில் அந்தப் பறவையின் பொழுது போகிறது, குஞ்சு பசியோடு காத்திருக்கிறது.

600 மிமீ கையில் இருந்தால் இந்த ஆசைகள் தானாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு கூட்டைச் சுற்றி பெரிய லென்ஸ்கள் வரிசையாக நெருங்கி நிற்பதையும் பார்க்கிறோம். இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்ற ஆசைக்கு மிமீ கணக்கில்லை. ஆனால் தள்ளி நிற்க விரும்புபவருக்கு அது அந்த வசதியைத் தருகிறது. நான் இந்த லென்ஸுக்குத் தரும் மதிப்பெண்ணில் பெரும் பங்கு இதற்குத்தான்.

வாங்குவதா, வாடகைக்கா?

மூன்று இடங்களையும் வைத்துச் சொல்வதென்றால்: ஈரநிலம், கடலோரம், நீர்த்தேக்கக் கரை, பூங்கா போன்ற திறந்த இடங்களுக்கு இந்த லென்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காட்டுக்குள் மட்டுமே நடப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு 70-200 மிமீ எஃப்/2.8 மேல். அதே காட்டு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 800 முதல் 1,600 போதும், குரங்குகள் பாதைக்கு மேலேயே வரும் இடத்தில் 200 மிமீ ஒன்றும் குறைவல்ல. நிக்கான் கேமரா வைத்திருப்பவர்கள் சோனிக்கு மாற வேண்டியதில்லை. 2023இல் வந்த நிக்கான் இசட் 180-600 மிமீயும் நீளம் மாறாத, எஃப்/5.6-6.3 வகை லென்ஸ்தான்; அது 1.3 மீட்டர் வரை நெருங்கவும் செய்யும். இருக்கும் கேமராவை விற்றுவிட்டு முழுவதும் மாறுவது மாணவர் செலவுக்கு ஒத்துவராத காரியம்.

ஆண்டில் எத்தனை நாள் உண்மையில் வெளியே போகிறீர்கள் என்று நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். தேர்வுக் காலம், ஒப்படைப்புகள், பகுதிநேர வேலை, மழை எல்லாம் கழித்து எட்டோ பத்தோ நாள்தான் என்றால், வாடகை போதும். அதையும் பறவைகள் வந்து குவியும் அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் எடுங்கள், கடற்பெருக்கு அட்டவணையைப் பார்த்து. நீர்ப்பெருக்கின்போது வெளியே உள்ள சேற்றுத்திட்டுகள் மூழ்குவதால் பறவைகள் காப்பகத்தின் உள்குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு லென்ஸ் கையில் இருந்தால் போதும்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒரு விஷயத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். நம் ஊரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அலமாரியில் துணிப்பையில் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை வளர அதுவே போதும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டியில் 318 மிமீ நீளம் அடங்குமா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். சிறிய பெட்டியில் இது படுக்காது. குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுவதும் வியர்த்துவிடும் என்பதால், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குபவர்கள் ஒரு சிறு டார்ச் கொண்டு போங்கள். பின்பக்க மூடியைக் கழற்றி, துளையைத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளியை அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தூசித்துகள் நாலைந்து இருந்தால் படத்தில் தெரியாது. ஸூம் வளையத்தை 200இலிருந்து 600 வரை மெதுவாகத் திருப்பி, எங்காவது உராய்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். நிலைப்படுத்தியைப் போட்டுப் பார்த்து, அணைத்துப் பார்த்து, நான்கு மூலைச் சோதனையையும் அங்கேயே செய்துவிடுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் லென்ஸை அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த லென்ஸ் 2019 முதல் விற்பனையில் இருக்கிறது, அடுத்தது கிடைக்கும்.